கட்டற்ற இயங்குதளங்களும் மடிக்கணினியின் வலை அட்டையும்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் சாலை ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் நீளமுடையது. அச்சாலையை ஒட்டிய காதங்கி என்னும் சிற்றூரில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் அமைந்துள்ளது. அங்கு 1,024 ஆன்டெனாக்களை வரிசை வரிசையாக நிறுத்தி, 53 மெகாஹெர்ட்ஸ் அலைகளை வானத்தில் செலுத்தி, மேலே வீசும் காற்றின் போக்கை அளந்து வருகின்றனர். அந்த ரேடார் முதலில் அமைந்தபோது அதன் உச்ச ஆற்றல் 25 இலட்சம் வாட். அதே சாலையில் பேருந்தில் செல்லும் மாணவர் ஒருவரின் தோட்பையிலும் ஒரு வானொலிக் கருவி உண்டு. அது மடிக்கணினிக்குள் கட்டைவிரல் அகலத்தில் படுத்திருக்கும் வலை அட்டை. அதன் ஆற்றல் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். முன்னதைக் காண அறிஞர்கள் வருகின்றனர். பின்னதோ வேலை செய்யாமற்போகும் நாளில் மட்டுமே நினைவுக்கு வருவது.

அந்த நாள் பெரும்பாலும் எப்போது வருகிறது? மடிக்கணினியில் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை நிறுவிய அன்றே வருகிறது.

திருப்பதியில் 1954இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம், 1983இல் தோன்றிய மகளிர் பல்கலைக்கழகம், 2015இல் தொடங்கிய இந்தியத் தொழில்நுட்பக் கழகம் எனக் கல்வி நிலையங்கள் பல உள. சித்தூர், பாகாலா, புத்தூர், நகரி முதலிய ஊர்களில் தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் இல்லங்களின் பிள்ளைகளும் அந்நகருக்குப் படிக்கச் செல்கின்றனர். எல்லோருக்கும் புதிய மடிக்கணினி எட்டும் பொருளன்று. பிறர் சில ஆண்டுகள் உபயோகித்து விற்றதே பலருக்குக் கிட்டுகிறது. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொதுவான ஆதரவு முடிவுற்றது; அதன் அடுத்த பதிப்போ பழைய யந்திரங்கள் பலவற்றை ஏற்பதில்லை. ஆகவே லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி ஆகிய யூனிக்ஸ் வழிவந்த கட்டற்ற இயங்குதளங்களின்பால் மாணவர் திரும்புவது இயல்பே. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட பாஸ் என்னும் லினக்ஸ் வகையும் இக்கூட்டத்தைச் சேர்ந்தது.

நிறுவுதல் முடிகிறது. திரை அழகாக எழுகிறது. ஆனால் கம்பியில்லா இணைப்புக்குரிய அடையாளத்தைக் காணோம். அட்டைக்கு வேண்டிய கோப்பை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்க என்று யந்திரம் கூறுகிறது. இணையத்திற்குச் செல்லவோ அந்த அட்டை வேண்டும். பைத்தியம் தெளிந்தால் கலியாணம் ஆகும், கலியாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்னும் பழமொழி இதற்கு மிகவும் பொருந்தும். இந்நிலையில் பலர் இயங்குதளத்தையே குறை கூறி அதனைக் கைவிடுகின்றனர். வேறு சிலர் கடைக்கு ஓடி, கைக்குக் கிடைத்த அட்டையை வாங்கி வந்து மீண்டும் ஏமாறுகின்றனர். இரண்டிற்கும் காரணம் ஒன்றே: அட்டையின் பெயரை அறிந்தவர்கள் அதன் எண்ணை அறியவில்லை.

அட்டை, இயக்கி, நிலைப்பொருள்

வலை அட்டையின் உயிர் அதிலுள்ள சில்லு. அச்சில்லுடன் இயங்குதளம் உரையாட வேண்டுமாயின், இடையே ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை. அம்மொழிபெயர்ப்பாளரே இயக்கி, கடைவழக்கில் டிரைவர் என்பர். லினக்ஸில் பெரும்பாலான இயக்கிகள் கெர்னல் எனப்படும் கருப்பகுதியுடனேயே சேர்ந்து வருகின்றன. எனவே தனியே வட்டு வைத்து ஏற்ற வேண்டியதில்லை. கெர்னல் அறிந்த சில்லு எனில், அட்டையைப் பொருத்தியவுடன் வேலை செய்யும். அறியாத சில்லு எனில், பெட்டியில் எத்துணை விளம்பரம் இருந்தும் பயனில்லை.

இயக்கி மட்டும் போதுமா எனில், பல அட்டைகளுக்குப் போதாது. சில்லுக்குள்ளேயே ஒரு சிறு கணிப்பான் இருக்கிறது. அது நடத்தவேண்டிய நிரலை ஒவ்வொரு முறையும் இயங்குதளம் அதற்கு ஊட்ட வேண்டும். ஃபர்ம்வேர் எனப்படும் நிலைப்பொருள் இதுவே. இதன் மூலநிரலை உற்பத்தியாளர்கள் பொதுவாக வெளியிடுவதில்லை. ஆகவே கட்டற்ற மென்பொருளையே தருவோம் என்று உறுதி பூண்ட குழுவினர் நெடுங்காலம் இக்கோப்புகளைத் தம் நிறுவல் வட்டில் சேர்க்காமலிருந்தனர். டெபியன் குழு இவ்வகையில் கண்டிப்பானது. 2022இல் அக்குழுவினர் வாக்கெடுத்து, நிறுவல் வட்டில் நிலைப்பொருள் கோப்புகளையும் சேர்க்கலாம் என முடிவு செய்தனர். 2023 ஜூனில் வெளிவந்த 12ஆம் பதிப்பு முதல் அவ்வாறே நடைபெறுகிறது. கொள்கையைத் தளர்த்தினர் என வருந்துவோர் உண்டு. விடுதி அறையில் தனியே அமர்ந்து நிறுவும் மாணவருக்கோ அது பேருதவி. பழைய வட்டை வைத்துக்கொண்டு இன்றும் நிறுவுவோர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நலம்.

நிலைப்பொருளே வேண்டாத அட்டைகளும் உண்டு. ஏதெரோஸ் நிறுவனத்தின் பழைய அட்டைகள் அவ்வகையின. அவற்றின் கதை சற்று விரித்துரைக்கத் தக்கது.

ஒரு சில்லின் கதை

2000ஆம் ஆண்டினை அடுத்த சில ஆண்டுகளில் ஏதெரோஸ் சில்லுகளுக்கு லினக்ஸில் ஓர் இயக்கி இருந்தது. ஆனால் அதன் நடுப்பகுதி மூடிய நிரல். உள்ளே நடப்பது யாது என எவருக்கும் தெரியாது. ஓபன்பிஎஸ்டி குழுவைச் சேர்ந்த ரேய்க் ஃப்ளோட்டர் என்பார், சில்லின் நடத்தையைக் கூர்ந்து நோக்கி, அம்மூடிய பகுதிக்கு ஈடான திறந்த நிரலைத் தாமே எழுதினார். அதனை அடிப்படையாகக் கொண்ட இயக்கி 2008இல் லினக்ஸ் கெர்னலில் இடம்பெற்றது. அதே ஆண்டில் நிறுவனமும் மனம் மாறியது. தன் அடுத்த தலைமுறைச் சில்லுகளுக்கான இயக்கியை மூலநிரலோடு தானே வெளியிட்டது. 2013இல் அந்நிறுவன வழிவந்த யூஎஸ்பி சில்லுகள் இரண்டின் நிலைப்பொருள் மூலநிரலும் வெளியாயிற்று. பதினைந்து ஆண்டுப் பழைய மடிக்கணினிகளில் இச்சில்லுகள் இன்றும் எவ்விதத் தொல்லையுமின்றி இயங்குவதற்கு இதுவே காரணம்.

பிராட்காம் நிறுவனத்தின் கதை வேறு. அங்கு ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே ஆர்வலர்கள் இரு குழுக்களாகப் பிரிந்தனர். ஒரு குழு மூடிய இயக்கியை ஆராய்ந்து, சில்லின் நடத்தையைச் சொற்களால் எழுதி வைத்தது. மற்றக் குழு மூடிய இயக்கியைக் கண்ணாலும் பாராமல், அக்குறிப்புகளை மட்டும் கொண்டு புதிய இயக்கியை எழுதியது. பதிப்புரிமை வழக்கு எழாதிருக்கும்பொருட்டு இவ்வேற்பாடு. 2006இல் அவ்வியக்கி கெர்னலில் சேர்ந்தது. எனினும் நிலைப்பொருளைப் பகிர்ந்துகொள்ள உரிமை இல்லாமையால், பயன்படுத்துவோர் ஒவ்வொருவரும் அதனை வேறொரு மூடிய இயக்கியிலிருந்து வெட்டியெடுக்க வேண்டியதாயிற்று. 2010இல் அந்நிறுவனம் சில சில்லுகளுக்கு மட்டும் திறந்த இயக்கியை அளித்தது. அளிக்காமல் விட்டவை பல. திருப்பதியில் கைமாறும் பழைய மடிக்கணினியில் பிராட்காம் பெயரைக் கண்டவுடன் மகிழவும் வேண்டா, அஞ்சவும் வேண்டா. எண்ணைக் காண வேண்டும்.

எண்ணே முகவரி

ஒவ்வொரு சில்லும் தன்னைப் பற்றி இரு எண்களைக் கணினிக்குத் தெரிவிக்கிறது. முதலாவது உற்பத்தியாளர் எண்; இரண்டாவது சில்லின் எண். ஒவ்வொன்றும் நான்கு இடம் கொண்டது. இவை பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்கள். ஆகவே 0 முதல் 9 வரையிலான இலக்கங்களோடு ஏ முதல் எஃப் வரையிலான ஆறு ஆங்கில எழுத்துகளும் இடையே வரும். நான்கு இடங்களில் 65,536 எண்களை அமைக்கலாம். இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. 1978இல் அது வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரும் இதுவே என்பதால் மறப்பதற்கில்லை. ஏதெரோஸ் 168சி, பிராட்காம் 14ஈ4, ரியல்டெக் 10ஈசி, மீடியாடெக் 14சி3.

லினக்ஸில் முனையச் சாளரத்தைத் திறந்து, 'எல்எஸ்பிசிஐ' என்னும் கட்டளையை 'என்என்கே' என்ற சேர்க்கையுடன் சிற்றெழுத்தில் அளித்தால், ஒவ்வொரு சில்லின் இரட்டை எண்ணும், அதனை எந்த இயக்கி கையாளுகிறது என்பதும் திரையில் தோன்றும். யூஎஸ்பி வழிச் செருகும் கருவிகளுக்கு 'எல்எஸ்யூஎஸ்பி' என்பது கட்டளை. ஃப்ரீபிஎஸ்டியில் 'பிசிஐகான்ஃப்' என்பதும், ஓபன்பிஎஸ்டியில் 'பிசிஐடம்ப்' என்பதும் அதே பணியைச் செய்கின்றன. யந்திரத்தில் இன்னும் விண்டோஸ் இருக்குமாயின், கருவி மேலாளரில் அட்டையின் விவரப் பக்கத்தைத் திறந்து அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளலாம்.

எண் எத்துணை முக்கியம் என்பதற்கு இரு சான்றுகள் போதும். பிராட்காம் சில்லுகளுள் 14ஈ4:4315 என்பது மேற்கூறிய ஆர்வலர்களின் இயக்கியால் இயங்கும். 14ஈ4:4365 என்பதோ, கெர்னலிலுள்ள எந்த இயக்கியாலும் இயங்காது. நிறுவனத்தின் மூடிய இயக்கியைத் தனியே சேர்க்க வேண்டும். பெட்டியிலும் அட்டையிலும் காணும் நிறுவனப் பெயர் இரண்டிற்கும் ஒன்றே. மற்றொரு சான்று கடைகளில் மிகுதியாக விற்ற டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் என்னும் யூஎஸ்பி கருவி. அதன் முதற்பதிப்பில் இருந்தது ஏதெரோஸ் ஏஆர்9271 சில்லு. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் தேடித் தேடி வாங்கியது. இரண்டாம் பதிப்பிலிருந்து அதே பெயரில், ஏறக்குறைய அதே உருவில், ரியல்டெக் நிறுவனத்தின் வேறொரு சில்லு வந்தது. பழைய புகழுரையைப் படித்துவிட்டுப் புதியதை வாங்கியவர்கள் பட்ட ஏமாற்றம் சிறிதன்று. பெட்டியில் சிறிய எழுத்தில் அச்சிட்ட பதிப்பு எண்ணைக் காணாமல் இவ்வகைக் கருவியை வாங்குதல் தகாது.

அட்டை அமரும் இடம்

எண் பொருந்தினாலும், துளையில் அட்டை பொருந்த வேண்டும். ஏறத்தாழ 2008 முதல் 2014 வரை வந்த மடிக்கணினிகளில் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் என்னும் துளை இருக்கும். பின்னர் வந்தவற்றில் எம்.2 என்னும் சிறிய துளை. பிந்தியதில் பொருந்தும் அட்டை பொதுவாக 22 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் நீளமும் உடையது. இருவகை அட்டைகளிலும் ஆன்டெனாக் கம்பிகளை மாட்டும் குமிழ்கள் அளவில் வேறுபடுவன. ஆகவே இணைப்பட்டை ஒன்றை இடையில் வைத்துப் புதிய அட்டையைப் பழைய யந்திரத்தில் நுழைப்போர், கம்பிமுனை பொருந்துமா என்பதையும் முன்னரே பார்க்க வேண்டும்.

எம்.2 துளையில் ஒரு கண்ணி உண்டு. இன்டெல் நிறுவனத்தின் ஏஎக்ஸ்200 அட்டை, எண் 8086:2723, தனித்து இயங்கும் முழு அட்டை. அதன் தம்பி போல் தோன்றும் ஏஎக்ஸ்201 அங்ஙனமன்று. அதன் பணியில் ஒரு பகுதி கணினியின் முதன்மைச் சில்லுகளுக்குள்ளேயே நடைபெறுகிறது. அதற்கென அமைந்த இன்டெல் யந்திரங்களிலன்றி வேறெங்கும் அது உயிர்பெறாது. ஏஎம்டி செயலி உள்ள மடிக்கணினியில் அதனைப் பொருத்தினால், இயங்குதளம் எதுவாயினும் பயன் இல்லை. ஓர் இலக்க வேறுபாட்டில் பணம் வீணாகும் இடம் இது. பழைய யந்திரங்கள் சிலவற்றில் இன்னொரு தடையும் உண்டு. உற்பத்தியாளர் தாம் ஒப்புக்கொண்ட அட்டைகளின் பட்டியலை பயாஸ் என்னும் தொடக்க நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருப்பர். பட்டியலில் இல்லாத அட்டையைக் கண்டால் யந்திரம் தொடங்கவே மறுக்கும். பயனாளருக்கு இதனால் நன்மை ஏதும் இருப்பதாகத் தோன்றவில்லை. அத்தகைய யந்திரத்திற்கு யூஎஸ்பி கருவியே புகலிடம்.

கெர்னலின் வயதையும் நோக்க வேண்டும். ஏஎக்ஸ்200 அட்டையை 5.1ஆம் கெர்னல் முதலும், ஏஎக்ஸ்210 அட்டையை 5.10ஆம் கெர்னல் முதலும் லினக்ஸ் அறியும். மீடியாடெக் எம்டி7921 சில்லுக்கு 5.12 வேண்டும். புதிய அட்டையும் பழைய லினக்ஸும் சேர்ந்தால் குற்றம் அட்டையினுடையதன்று. பிஎஸ்டி வகைகளில் இவ்வெச்சரிக்கை இரட்டிப்பாகும். ஃப்ரீபிஎஸ்டி, இன்டெலின் அண்மைக்கால அட்டைகளுக்குரிய இயக்கியை 2022இல் 13.1 பதிப்பில் ஏற்றது. தொடக்கத்தில் பழைய வேகத்திலேயே இயங்கிய அது, 2025இல் 14.3 பதிப்பில்தான் விரைவு பெற்றது. ஓபன்பிஎஸ்டி இன்டெல் அட்டைகளை நன்கு கையாளுகிறது. ஆனால் புளூடூத் நிரலை 2014இலேயே நீக்கிவிட்டமையால், இரண்டும் சேர்ந்த அட்டையில் ஒரு பாதி அங்கு உறங்கும்.

கடையில் செய்யவேண்டுவது

சித்தூர் சென்னைக்கும் பெங்களூருக்கும் இடைப்பட்ட பழைய நெடுஞ்சாலையில் இருக்கிறது. உள்ளூரிலும் திருப்பதியிலும் கிடைக்காத அட்டைக்காக மக்கள் சென்னை ரிச்சித் தெருவிற்கோ பெங்களூர் எஸ்.பி. சாலைக்கோ செல்வதுண்டு. ஒரு நாள் உழைப்பும் பேருந்துக் கட்டணமும் அதில் அடங்கும். விற்ற பொருளைத் திரும்பப் பெறமாட்டோம் என்னும் பலகை பல கடைகளில் தொங்குவதால், தவறான அட்டைக்கு மறுபயணமும் பயனளிக்காது.

இதற்கு எளிய பரிகாரம் ஒன்று உண்டு. நிறுவாமலேயே நடத்திப் பார்க்கக்கூடிய லினக்ஸை ஒரு பென் டிரைவில் எழுதி எடுத்துச் செல்ல வேண்டும். பழைய மடிக்கணினி வாங்குவோர், கடைக்காரரின் இசைவுடன் அதனைச் செருகி யந்திரத்தைத் தொடங்கினால், சில நிமிடங்களில் வலை அட்டையின் நிலை தெரிந்துவிடும். அருகிலுள்ள வைஃபை பெயர்கள் பட்டியலாகத் தோன்றின் கவலை இல்லை. தோன்றாவிடில், முதலில் யந்திரத்தின் ஓரத்தில் சிறு பொத்தான் உண்டா எனத் தடவிப் பார்க்க வேண்டும். பழைய மடிக்கணினிகளில் அலைபரப்பை நிறுத்தும் பொத்தான் இருக்கும், அது தள்ளியிருப்பதை அறியாமல் அட்டையைப் பழித்தோர் பலர். அதன்பின் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். கருத்தான கடைக்காரர் இதனைத் தடுப்பதில்லை. தடுப்பாராயின் வேறு கடை பார்ப்பதே நலம்.

டாங்கிள் எனக் கடைகளில் கேட்கப்படும் யூஎஸ்பி கருவிகளையும் இவ்வாறே சோதிக்கலாம். மலிவானவற்றுள் மீடியாடெக் எம்டி7601யூ சில்லு உடையது 2015 முதலே கெர்னலுக்குப் பழக்கமானது. வேகம் குறைவெனினும் நம்பத்தக்கது. சில ரியல்டெக் டாங்கிள்கள் ஒரு வேடிக்கை செய்யும். செருகியவுடன் தம்மை வலைக்கருவி என்று கூறாமல், விண்டோஸ் இயக்கியைச் சுமந்த குறுவட்டு என்று கூறிக்கொள்ளும். லினக்ஸில் அவற்றை உரிய வடிவத்திற்கு மாற்றுவதற்கெனவே ஒரு சிறு நிரல் உண்டு. வட்டு ஒன்று திரையில் தோன்றினால், கருவி கெட்டதென்று கருதிவிடலாகாது.

வீட்டிற்கு வந்தபின்னரே குறை தெரிந்ததாயின், கைபேசி உதவும். ஆண்ட்ராய்டு கைபேசியை யூஎஸ்பி கம்பியால் மடிக்கணினியோடு இணைத்து, கைபேசியின் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங் என்பதை இயக்கினால், மடிக்கணினி அதனை ஒரு கம்பிவழி வலை அட்டையாகவே காணும். லினக்ஸும் பிஎஸ்டி வகைகளும் இதனை அறியும்; நிலைப்பொருள் எதுவும் வேண்டுவதில்லை. அவ்வழியே உரிய கோப்பை இறக்கிக்கொண்டால் மேற்சொன்ன பழமொழியின் வட்டம் அறுபடும். ஓபன்பிஎஸ்டியில் அதன்பின் 'எஃப்டபிள்யூ அப்டேட்' என்னும் கட்டளை ஒன்றே போதும். ஈதர்நெட் துளையுள்ள பழைய யந்திரமாயின் இதுவும் வேண்டா; கம்பிவழிச் சில்லுகள் ஏறக்குறைய எல்லாக் கட்டற்ற இயங்குதளங்களிலும் தொல்லையின்றி இயங்குவன.

அட்டை இயங்கத் தொடங்கியபின்னும், விடுதியின் வைஃபை பெயர் மட்டும் பட்டியலில் தோன்றாதிருப்பதுண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இன்றிப் பயன்படுத்த இந்திய அரசு 2005 ஜனவரியில் இசைவளித்தது. அதனுள் 13 தடங்கள் அடங்கும். அமெரிக்காவிலோ 11 தடங்களே வழக்கில் உள. இயங்குதளத்தில் நாடு அமெரிக்கா என அமைந்திருப்பின், 12, 13ஆம் தடங்களில் ஒலிபரப்பும் ரூட்டரை மடிக்கணினி காணாது. நாட்டை இந்தியா என மாற்றியதும் பெரும்பாலும் அது தோன்றிவிடும். அட்டையிலேயே அமெரிக்கக் குறி பதிந்திருப்பின் இம்மாற்றம் செல்லாது. அப்போது ரூட்டரை 1, 6, 11 ஆகிய தடங்களுள் ஒன்றிற்கு மாற்றி வைக்குமாறு விடுதிக் காப்பாளரைக் கேட்டுக்கொள்ளலாம்.